மாமி பேரில் பூட்டிய காப்பித் தாளம்

தெர்கெலின் கின்டிங் என்றால் சிலர் நெற்றியைச் சுருக்கி யோசிப்பார்கள். காப்பித் தாளக்காரன் என்றால் எங்கள் காரோ மலையில் ஒருவரும் யோசிக்கமாட்டார்கள். எந்த ஊர், எந்தச் சந்து, வாசலில் எத்தனை ஆரஞ்சு மரம் என்பது வரைக்கும் சொல்லி அனுப்புவார்கள்.

கின்டிங் குலத்துப் பிள்ளை. அப்பன் விட்டுப்போன ஆரஞ்சுத் தோட்டம்தான் அவனுக்குச் சோறு போட்டது. ஆனால் சனிக்கிழமை பிறந்தால் தோட்டக்காரன் காணாமல் போவான், கீபோர்டுக்காரன் வந்துவிடுவான். சர்ச்சில் பாதிரியார் பார்க்காத நேரத்தில் ஆர்மோனியத்தைத் தடவிப் பழகிய கை அது. கல்யாணமானாலும் சாவானாலும் ஊர்க் கூடத்தில் கீபோர்டு முழங்காமல் எங்கள் சனம் கையைத் தூக்கி ஆடாது. வாசிக்கிறவனுக்குப் பேர் வருவது விரலால் அல்ல, பெட்டிக்குள் அவன் கோத்து வைத்திருக்கும் தாளங்களால். நல்ல தாளம் ஒன்று கையில் இருந்தால் அந்த வருஷக் கல்யாணம் எல்லாம் அவனுக்குத்தான்.

பெண் எடுத்தது தாரிகான் வீட்டில். மனைவி பேர் ரூலினா. அவளுடைய அண்ணன் ஜென்டாம் தலைப்பிள்ளை என்பதால் மாமனாரை ஊரே ஜென்டாம் அப்பா என்றும், மாமியாரை ஜென்டாம் அம்மா என்றும் கூப்பிடும். வைத்த பேரைச் சொல்லிப் பெரியவர்களைக் கூப்பிட எங்களில் யாருக்கும் நாக்கு எழும்பாது. அதிலும் மாமியார் பேர் மாப்பிள்ளை வாயில் வரவே கூடாது. பேர் என்ன, பேச்சே கூடாது. மாமியும் மாப்பிள்ளையும் ஏதாவது பேசித்தான் ஆகவேண்டும் என்றால் நடுவில் ஓர் ஆள் வேண்டும். ஆள் இல்லையா, நாயிடமோ தூணிடமோ சொல்லவேண்டியது, மற்றவர் காதில் விழவேண்டியது.

ஜென்டாம் அப்பா குல்சாப்பி மீட்டுவதில் கெட்டிக்காரர். இரண்டே நரம்பு, அதில் மழை பெய்ய வைப்பார். ஒருநாள் தெர்கெலின் மைக்கை மாமனார் வீட்டு அடுக்களைக்கே கொண்டுபோய், அவர் மீட்டியதைப் பதிவு செய்து தாளத்தோடு கோத்தான். பாதியில் கிழவருக்குத் தொண்டை காய்ந்துவிட்டது. கை மீட்டிக்கொண்டே இருக்க, வாய் மட்டும் கத்தியது: "அடியே ஜென்டாம் அம்மா! காப்பி எங்கடி?"

அதுவும் பதிவாகிவிட்டது. வெட்டி எறியலாம் என்று பார்த்தான், தாளம் நொண்டியது. சரி போகட்டும் என்று விட்டுவிட்டான். அடுத்த கல்யாணத்தில் அந்தத் தாளத்தைப் போட்டபோது கூடம் நிறைய ஆட்டம். ஒலிபெருக்கியிலிருந்து கிழவர் காப்பி கேட்டதும் ஒரு நொடி எல்லோரும் நின்றார்கள். பிறகு பின்வரிசையிலிருந்து யாரோ ஒரு பெண், "இதோ வருது!" என்று குரல் கொடுத்தாள். கூடம் சிரிப்பில் இடிந்துவிட்டது. அன்றிலிருந்து அதற்குக் காப்பித் தாளம் என்று பேர். கிழவர் கேட்பார், முந்நூறு பேர் பதில் சொல்வார்கள். ஜென்டாம் அம்மாவுக்கு முகம் சிவந்து போகும். "வீட்டுல கேட்டது போதாதுன்னு ஊர் ஊரா வந்து கேக்குறாரு" என்று வைதுகொண்டே, அந்தத் தாளத்துக்கு முதலில் எழுந்து ஆடுவதும் அவள்தான்.

பேர் கிடைத்தால் திருட்டும் வரும். பக்கத்து ஊர், காரோ-காரோ குலத்து உகுர்த்தாவும் கீபோர்டுக்காரன்தான். அவனுடைய அம்மா தாரிகான் வீட்டுப் பெண், ஆகவே ரூலினா அவனுக்கு முறைப்பெண். அவளை தெர்கெலின் கட்டிக்கொண்டு போனதில் ஒரு கடுப்பு, காப்பித் தாளத்தில் இன்னொரு கடுப்பு. தெர்கெலினின் தாளம் இரண்டு மூன்று அவன் பெட்டியிலிருந்து கேட்க ஆரம்பித்ததும், தெர்கெலின் மேடானுக்குப் போய் ஒரு கம்ப்யூட்டர்க்காரனைப் பிடித்தான். அவன் தெர்கெலினின் லேப்டாப்பில் ஒரு பூட்டுப் புரோகிராமைப் போட்டு, தாளம் எல்லாவற்றையும் ஒரே ஃபைலுக்குள் அடைத்துக் கொடுத்தான். பாஸ்வேர்டு அடித்தால்தான் திறக்கும்.

முதலில் மகள் பேரைத்தான் பாஸ்வேர்டாக வைத்தான். கள்ளுக்கடையில் ஒருநாள் மூன்றாவது குவளையில் அதைத் தானே உளறிவிட்டான். மறுநாள் தலைவலியோடு உட்கார்ந்து யோசித்தான். எவ்வளவு குடித்தாலும் என் நாக்கில் வராத வார்த்தை எது? எந்தத் திருடனும் அடித்துப் பார்க்கத் துணியாத வார்த்தை எது? யோசனை வந்ததும் அவனுக்கே உடம்பு கூசியது. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மாமியார் பேரை ஒவ்வோர் எழுத்தாக, மெதுவாக, மரியாதையாக அடித்தான்.

அப்புறம் ஜென்டாம் அப்பா போய்ச் சேர்ந்தார். அவர் குரலைக் கேட்டால் மாமிக்குத் தாங்காது என்று தெர்கெலின் அந்தத் தாளத்தை நிறுத்திவைத்தான். சினாபுங் மலை குமுறிச் சாம்பல் கொட்டிய வருஷம் லேப்டாப் இருமி இருமிச் செத்தது. பழைய கீபோர்டை விற்றபோது, வாங்குகிறவன் தாளத்தைக் கொண்டுபோய்விடக்கூடாது என்று அதன் வயிற்றையும் சுத்தமாகத் துடைத்துத்தான் கொடுத்தான். மிச்சம் இருந்தது பூட்டின ஃபைல், ஒரு பென்டிரைவில், ரூலினாவின் நகைப்பெட்டிக்குள்.

இந்த வருஷம் மகள் எகியாவுக்குக் கல்யாணம் கூடியது. ஜென்டாம் அம்மா மகள் வீட்டுக்கு வந்தாள். மாப்பிள்ளைக்கு முதுகு காட்டி அடுப்போரம் உட்கார்ந்து, பூனையைப் பார்த்துச் சொன்னாள்:

"ஏ பூனை, எகியா அப்பாகிட்டச் சொல்லு. பேத்தி கல்யாணத்துல எங்க வீட்டு முறை வரும்போது கிழவர் என்னைக் காப்பி கேக்கணும். கேட்டா எழுந்து ஆடுவேன். கேக்கலேன்னா உக்காந்த இடத்துல உக்காந்திருப்பேன்."

தெர்கெலினும் பூனையைத்தான் பார்த்தான். "மாமிகிட்டச் சொல்லு பூனை, கேட்டா அழுகை வருமேன்னுதான் போடாம வெச்சிருந்தேன்."

"அழுதா என் கண்ணு, துடைச்சா என் துணி. பூனைக்கு என்ன வந்துச்சாம்?"

வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் விஷயம் வேடிக்கை இல்லை. மணப்பெண்ணின் அம்மாவைப் பெற்றுக் கொடுத்த தாய்மாமன் வீட்டார் எழுந்து ஆடி வாழ்த்தாத கல்யாணம் எங்களில் அரைக் கல்யாணம். அந்த வீட்டுக்கு மூத்தவள் எழாமல் ஜென்டாமோ மற்றவர்களோ எழமுடியாது.

எகியா மேடானிலிருந்து கொண்டுவந்த புது லேப்டாப்பை அடுக்களை மேசையில் வைத்தார்கள். அதே பூட்டுப் புரோகிராமின் புதிய வெர்ஷனை இறக்கிக் கொடுத்துவிட்டு அவள் துணி தைக்கக் கொடுக்கப் போனாள். தெர்கெலின் பென்டிரைவைச் செருகி, திரும்பி உட்கார்ந்துகொண்டு, பாஸ்வேர்டை அடித்தான்.

"தப்புன்னு சொல்லுது" என்றான்.

ரூலினா இஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தாள். "இன்னொரு தடவை அடிங்க."

"மறுபடியும் தப்புங்குது."

"என்ன வார்த்தைன்னு சொல்லுங்க, நான் அடிக்கிறேன். உங்க விரலு தடிச்சுப்போய் ஒண்ணை அமுக்கினா ரெண்டு அமுங்குது."

"சொல்ல முடியாது."

"கெட்ட வார்த்தையா?"

"சேச்சே. ஒரு பேரு."

"யாரு பேரு? பொம்பளை பேரா?"

தெர்கெலின் கொஞ்சம் தயங்கி, "பொம்பளை பேருதான்" என்றான்.

ரூலினா கத்தியைக் கீழே வைத்தாள். "உங்க கீபோர்டுக்குப் பாட வருவாளே, உதட்டுச் சாயக்காரி, அவளா?"

"அய்யய்ய! அவ பேரு எனக்கே மறந்து போச்சு."

"மறந்து போச்சா? அதான் பெட்டி தொறக்கமாட்டேங்குது!"

"அடியே, உங்க அம்மா பேருடி!"

ரூலினா கணவனையும் லேப்டாப்பையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். "இத்தனை வருஷமா எங்க அம்மாவை டொக்கு டொக்குன்னு தட்டிக்கிட்டு இருந்தீங்களா?"

"மரியாதையாத்தான் தட்டினேன்."

அம்மாவிடம் சொல்லாதே என்று கெஞ்சினான். பொழுது சாயுமுன்னே அம்மா வந்து நின்றாள். மாப்பிள்ளைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். நடுவில் முக்காலி, அதன்மேல் லேப்டாப். இந்தத் தடவை தூது அதற்குத்தான்.

"ஏ பெட்டி, மாப்பிள்ளைகிட்டக் கேளு. என் பேருல எந்தப் பேரைப் போட்டாராம்?"

"பெட்டி, மாமிகிட்டச் சொல்லு. சர்ச்சுல பாதிரியார் வாசிச்சாரே, அந்தப் பேரு."

"அந்தப் பேரை நானே கண்டுக்கிறதில்லை. சின்னதுல வெச்சது ஒண்ணு இருக்கு. காய்ச்சல் வந்து பொழைச்சதும் மாத்தி வெச்சது ஒண்ணு இருக்கு. எல்லாத்தையும் போட்டுப் பாக்கச் சொல்லு. ஒருவேளை மறந்திருப்பாரு."

மறக்கவில்லை என்று தெர்கெலினுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் பெட்டி தப்பு தப்பு என்று சொல்லச் சொல்ல அவனுக்கே சந்தேகம் தட்டியது. மாமி ஒவ்வொரு பேராகச் சத்தமாகச் சொன்னாள், ரூலினா அடித்தாள். தெர்கெலின் காதைப் பொத்திக்கொண்டு கொல்லையில் போய் நின்றான். ஒன்றும் திறக்கவில்லை.

"இந்த வயசுல என் பேரை நானே ஊருக்கு ஏலம் விட்டதுதான் மிச்சம்" என்று ஜென்டாம் அம்மா எழுந்தாள். வாசல்வரை போய்த் திரும்பி, லேப்டாப்பைப் பார்த்து, குரல் இறங்கிச் சொன்னாள்: "பெட்டி, கோபமில்லேன்னு சொல்லு. ஆனா கிழவரு கூப்பிடாம நான் எந்திரிக்கமாட்டேன். என்னால முடியாதுன்னு சொல்லு."

அன்று தெர்கெலினுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் கபன்ஜாஹே சந்தைக்குப் பக்கத்தில் லாயாரியின் கம்ப்யூட்டர்க் கடைக்குப் போனான். லாயாரி சிம்பிரிங் குலத்துப் பெண். லேப்டாப்பைத் தொடுவதற்கு முன் யார் வீடு, யார் மகள், யார் யாருக்கு என்ன முறை என்று இருவரும் பேசி முடித்தார்கள். பார்த்தால் ஜென்டாம் அம்மா அவளுக்குச் சொந்த அத்தை.

"எங்க அத்தை பேரையா பூட்டாப் போட்டீங்க?" என்று அவள் சிரித்த சிரிப்பில் அடுத்த கடைக்காரன் எட்டிப் பார்த்தான். பிறகு ஃபைலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "பாஸ்வேர்டு தப்புன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"இதுதான் சொல்லுது."

"இதுக்கு என்ன தெரியும்? இது புது வெர்ஷன். இதைச் செஞ்சவங்க பழைய பூட்டு பலமில்லேன்னு சொல்லி அந்த முறையையே கழட்டிப் போட்டுட்டாங்க. நீங்க சரியான சாவியைத்தான் நீட்டுறீங்க. இது புதுப் பூட்டுன்னு நெனச்சுத் திருகிப் பாக்குது. திரும்பலேன்னதும் சாவி தப்புங்குது."

"எனக்குத் தெரியலேன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"ஆம்பளைங்க மாதிரிதான் இதுவும். வழி தெரியலேன்னு ஒத்துக்காது."

தெர்கெலினுக்குப் பாதி உயிர் வந்தது. மாமி பேரை அவன் மறக்கவில்லை. மீதி உயிர் வரவில்லை. பழைய வெர்ஷனை லாயாரி எங்கிருந்தோ இறக்கிக் கொண்டுவந்தாள், புது லேப்டாப் அதை உள்ளேயே விடவில்லை. கடையில் கிடந்த பழைய பெட்டிகள் எப்போதோ இரும்புக்காரனுக்குப் போய்விட்டன.

"அந்தக் காலத்து லேப்டாப் வேணும், எகியா அப்பா. அந்தக் காலத்துப் புரோகிராம் அப்படியே இருக்கணும். புதுசு பண்றேன்னு ஒருத்தரும் கை வெச்சிருக்கக் கூடாது. உங்களுக்குப் போட்டுக் குடுத்தவன் வேற யாருக்காவது போட்டிருக்கானா?"

போட்டிருக்கிறான். அதே மாதம், அதே ஆள். உன் தாளத்தை நீ பூட்டினால் என் தாளத்தை நான் பூட்டமாட்டேனா என்று கள்ளுக்கடையில் உகுர்த்தா மார்தட்டியது தெர்கெலினுக்கு நன்றாக நினைவிருந்தது.

உகுர்த்தாவின் மனைவி நுரி ஒரு காப்பிக்கடை வைத்திருக்கிறாள். தெர்கெலின் அதற்குள் காலெடுத்து வைத்து எத்தனையோ வருஷம். உள்ளே நுழைந்ததும் சதுரங்கக் காய்கள் எல்லாம் நின்றுவிட்டன. மூலையில், புகையில் மஞ்சளாகிப்போன அந்த லேப்டாப் வாடிக்கைக்காரர்களுக்குப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது. நெட் என்ற காற்றே படாத பெட்டி, வாங்கினபடியே இருந்தது.

"யாரு இது!" என்றான் உகுர்த்தா. "என் முறைப்பொண்ணைத் தூக்கிட்டுப் போன பங்காளியா? திருப்பிக் குடுக்க வந்தியா?"

"குடுத்தா ஒரு வாரம் தாங்கமாட்டே. எனக்கு உன் லேப்டாப் வேணும். கொஞ்ச நேரம்."

விஷயத்தைச் சொன்னான். உகுர்த்தா கேட்டுக் கேட்டுத் தொடையில் தட்டிக்கொண்டான். "என்கிட்டேர்ந்து பூட்டினதை என்கிட்டயே தொறக்க வந்திருக்கான் பாருங்கய்யா! சரி, தொறந்துக்கோ. ஆனா கல்யாணத்துல அந்தத் தாளத்தை நான்தான் வாசிப்பேன்."

மகள் கல்யாணத்தில் நடுவே ஓடிப்போய் அந்த ஒரு தாளத்தைத் தானே வாசித்துவிட்டு வருவது என்று தெர்கெலின் நினைத்திருந்தான். மாமி கடைசியாகச் சொன்ன குரல் நினைவுக்கு வந்தது.

"வாசிச்சுக்கோ. கூட்டாம குறைக்காம வாசி."

"அப்போ பாஸ்வேர்டைச் சொல்லு."

"திரும்பி உக்காரு."

"ஏன், நான் பாத்தா என்ன?" என்ற உகுர்த்தா, கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான். "பங்காளி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். உன் ஃபைல் ஏற்கெனவே இதுக்குள்ள இருக்கு. அந்தக் காலத்துலயே ஒரு கல்யாணத்துல நீ சாப்பிடப் போனப்போ எடுத்தேன்."

"அடப்பாவி!"

"எடுத்து என்ன பிரயோசனம்? உன் மகள் பேரு, ரூலினா பேரு, உன் நாய் பேரு, எல்லாம் போட்டுப் பாத்தாச்சு. ஒருநாள் திடீர்னு தோணுச்சு, இந்தப் பய மாமியார் பேரைத்தான் வெச்சிருப்பான்னு."

"எப்படித் தோணுச்சு?"

"நானும் என் மாமியார் பேரைத்தானே வெச்சிருக்கேன்!"

கடையில் இருந்தவர்கள் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். தெர்கெலினுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அப்புறம் ஏன் தொறக்கல?"

"எப்படிய்யா தொறப்பேன்? எங்க அம்மா தாரிகான் வீடு. உன் மாமி எனக்கும் மாமிதானே. முதல் எழுத்துமேல விரலை வெச்சேன், கும்பிட்டுட்டு எடுத்துட்டேன். திருடலாம்யா, அதுக்காக மரியாதை இல்லாம இருக்கலாமா?"

அவனே எழுந்து முதுகைத் திருப்பிக்கொண்டான். கடையில் இருந்த எல்லோரும், சதுரங்கம் ஆடியவர்கள் உட்பட, சுவரைப் பார்த்துத் திரும்பினார்கள். தெர்கெலின் பழைய தேய்ந்த எழுத்துகளில் ஒவ்வொன்றாக அழுத்தினான். லேப்டாப் முனகியது, கொஞ்சம் யோசித்தது. ஃபைல் திறந்தது.

குல்சாப்பி எழுந்தது. கடைப் புகைக்குள் மழை பெய்தது. கிழவர், போன மாதம்தான் போனவர்போல, கத்தினார்: "அடியே ஜென்டாம் அம்மா! காப்பி எங்கடி?"

"இதோ வருது!" என்று உள்ளே இருந்து நுரி கத்தினாள். கத்தினது மட்டுமில்லை, பழக்கதோஷத்தில் ஒரு கிளாஸ் காப்பியும் கொண்டுவந்து, யாருக்கு என்று தெரியாமல் நடுக்கடையில் நின்றாள்.

கல்யாணத்தன்று கூடம் நிறைந்து வாசலில் பாய் விரிக்கவேண்டி வந்தது. சோளமாவு போட்ட கோழிக்குழம்பு மணத்தது. மணப்பெண்ணின் அப்பனாகத் தெர்கெலின் தங்கச்சரிகைத் தலைப்பாகையோடு நிற்க, அவனுடைய இடத்தில் கீபோர்டுக்குப் பின்னால் உகுர்த்தா. தாய்மாமன் வீட்டார் முறை வந்தது. குலப் பேர் சொல்லி அழைத்தார்கள். ஜென்டாம் அம்மா தோளில் சிவப்புத் துணியைப் போர்த்தியபடி உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் தாரிகான் வீடு மொத்தமும் எழாமல் காத்திருந்தது. எகியா பாட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

உகுர்த்தா தாளத்தைப் போட்டான். கூட்டவில்லை, குறைக்கவில்லை. முதல் நரம்பு தெறித்ததும் பழைய ஆட்களுக்குப் புரிந்துவிட்டது. கிழவர் குரல் கூடம் முழுக்க வந்தது: "அடியே ஜென்டாம் அம்மா! காப்பி எங்கடி?"

ஒருவரும் பதில் சொல்லவில்லை. பழைய வழக்கப்படி எல்லோருடைய வாயிலும் வந்ததை எல்லோரும் அடக்கிக்கொண்டார்கள், அவளுக்காக.

"இதோ வருது!" என்றாள் ஜென்டாம் அம்மா.

எழுந்தாள். அப்போதுதான் பார்த்தார்கள், சிவப்புத் துணிக்குள் அவள் கையில் ஒரு கிளாஸ் காப்பி. அதைச் சிந்தாமல் ஏந்திக்கொண்டு, முழங்காலை மடக்கி, தாளத்துக்கு மெல்ல மெல்ல ஆடினாள். ஜென்டாம் எழுந்தான், தாரிகான் வீடு மொத்தமும் எழுந்தது. எகியா ஓடிவந்து பாட்டிக்கு எதிரே கையைத் தூக்கினாள். கண்ணீர் வழிந்ததை ஜென்டாம் அம்மா துடைக்கவில்லை, கை காலியில்லை. ஆடிக்கொண்டே போய்க் காப்பியை ஒலிபெருக்கிப் பெட்டிமேல் வைத்தாள்.

பிறகு கீபோர்டைப் பார்த்துச் சொன்னாள்: "ஏ கீபோர்டு, என் மாப்பிள்ளைகிட்டச் சொல்லு. இனிமே இதைப் பூட்டவேண்டாம். எல்லாப் பயலுக்கும் குடுத்துடச் சொல்லு. கிழவரு எல்லா ஊர்லயும் கேக்கட்டும்."

தெர்கெலின் கூடத்தின் இந்தப் பக்கத்திலிருந்து கீபோர்டைப் பார்த்தே பதில் சொன்னான்: "அப்படியே செய்யுறேன்னு மாமிகிட்டச் சொல்லு."

நடுவில் மாட்டிக்கொண்ட உகுர்த்தாவுக்கு வேர்த்துவிட்டது. வாசித்துக்கொண்டே இடது கையை நீட்டி, எதிரே ஒரு கிளாஸ் இருப்பதைக் கண்டு, தனக்குத்தான் யாரோ கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள் என்று எடுத்து ஒரே மடக்கில் குடித்துவிட்டான்.

"டேய், அது எங்க அப்பா காப்பிடா!" என்று ஜென்டாம் கத்த, கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது ஜென்டாம் அம்மா. "குடிக்கட்டும் விடு" என்றாள். "சர்க்கரை போதலேன்னு சொல்லாம குடிச்ச முதல் ஆளு இவன்தான்."